தாய்வீட்டுப் பயணமும் ஒரு மருத்துவச் சீட்டும்

பேறுகாலத்திற்குப் பெண் தாய்வீடு செல்வது நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பொழியூர், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் பிழைப்பை முன்னிட்டு வந்து குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களும் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. 1956 நவம்பர் முதல் நாளன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. அன்று விழுந்த எல்லைக்கோடு பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே செல்கின்றது. கடற்கரை மணலில் நடப்பவர் காலுக்கு அக்கோடு தெரிவதில்லை. ஆஸ்பத்திரி ஏடுகளுக்கோ நன்றாகத் தெரிகின்றது. இப்பக்கத்து மருத்துவர் ஆறேழு மாதம் பார்த்து எழுதிய குறிப்பு, அப்பக்கத்து மருத்துவர் கையில் தானே போய்ச் சேருவதில்லை. இத்திங்கள் நாம் எழுதப் புகுந்த செய்தி இதனோடு நெருங்கிய தொடர்புடையது.

கர்ப்பிணிகள் சிலரது ஆய்வுச் சீட்டில் ‘ஜி.பி.எஸ். பாசிட்டிவ்’ என்று எழுதியிருக்கக் கண்டு வீட்டார் கலங்குகின்றனர். 2025 ஜனவரியில் புனே நகரில் பலரைத் தாக்கிய கில்லன்-பாரே என்னும் நரம்பு நோயையும் நாளேடுகள் இதே மூன்றெழுத்தாலேயே குறித்தன. எழுத்து ஒன்றாயினும் பொருள் வேறு. அந்நோய்க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இங்கே குறிப்பது ‘பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்னும் நுண்கிருமியை. சீட்டைக் கண்டவுடன் வீட்டில் எழும் அடுத்த கேள்வி, “ஊசி மருந்தின்றி, பூண்டு, தயிர், வேப்பிலை என்று இயற்கை முறையிலேயே இதைப் போக்கிக்கொள்ளலாகாதா?” என்பதே. நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறுமுன் இக்கிருமி யாதென அறிதல் வேண்டும்.

இக்கிருமி முதன்முதல் 1887-இல் பிரான்ஸ் நாட்டில் பசுக்களின் மடிநோய்க்குக் காரணமென அறியப்பட்டது. பின்னர் 1933-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ரெபேக்கா லான்ஸ்ஃபீல்டு என்ற அம்மையார், இவ்வினக் கிருமிகளை ஏ, பி எனப் பிரிவுகளாக வகுத்தார். பி பிரிவு மனிதக் குடலிலும், மகளிர் பிறப்பு வழியிலும் அமைதியாகக் குடியிருக்கும் இயல்புடையது. உலகளவில் கர்ப்பிணிகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் இஃது உண்டு. தெற்காசியாவில் அவ்விகிதம் சற்றுக் குறைவு. தாய்க்குப் பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இராது. இது கணவனிடமிருந்து தொற்றிய மேகநோய் அன்று. உடற்சுத்தம் இன்மையால் வந்ததும் அன்று. ஆகவே சீட்டில் இவ்வெழுத்தைக் கண்டு மருமகளை ஐயுறுவதும், மகனைக் கடிவதும் அறியாமையின் விளைவேயாகும்.

தாய்க்குத் தீங்கு செய்யாத இக்கிருமி, பிறக்கும் குழந்தைக்குச் சில வேளை தீங்கு செய்துவிடுகின்றது. கிருமியுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளுள் பாதியளவு அக்கிருமியைப் பெறுகின்றன. மருந்தின்றி விட்டால் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு குழந்தைகள் பிறந்த முதல் வாரத்திற்குள் நோயுறுகின்றன. அவற்றுள்ளும் பெரும்பான்மை முதல் நாளிலேயே. இரத்தத்தில் நச்சு, நுரையீரல் அழற்சி, மூளையுறைக் காய்ச்சல் என்று அது வெளிப்படும். நூற்றுக்கு ஒன்று சிறிய எண்தான். ஆனால் உலகம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,50,000 சிசுக்கள் வயிற்றிலோ பிறந்த பின்போ இதனால் மடிவதாக உலக சுகாதார நிறுவனமும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. நம் நாட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தம் பத்தாண்டு அனுபவத்தை 1999-இல் எழுதியபோது இந்நோய் இங்கு அரிதென்றே கண்டனர். அரிது என்பது இல்லை என்பது ஆகாது. நோயுற்ற குழந்தை எந்த வீட்டில் உள்ளதோ, அந்த வீட்டிற்கு விகிதக் கணக்கால் பயனில்லை.

இனி இயற்கை முறைகளுக்கு வருவோம்.

முதலாவது பூண்டு. ஆய்வுக் கூடத்தில் கண்ணாடித் தட்டிலிட்ட கிருமியைப் பூண்டுச் சாறு அடக்குவது உண்மை. தட்டு வேறு, உடல் வேறு. பூண்டு தின்றதனால் குழந்தைகள் இந்நோயினின்று காக்கப்பட்டனர் என்று காட்டிய நம்பத்தக்க ஆய்வு இல்லை. பூண்டுக் குழம்பும் பூண்டுப் பாலும் உணவாக உண்ணத் தடையில்லை. ஆனால் உரித்த பூண்டுப் பல்லைப் பிறப்பு வழியில் வைத்துக்கொள்ளுமாறு சிலர் கூறும் யோசனை தீது. அந்த மெல்லிய தோல் வெந்து புண்ணாகும்.

இரண்டாவது தயிரும், நன்மை செய்யும் கிருமிகள் அடங்கிய மாத்திரைகளும். இவை கிருமியின் அளவைக் குறைக்குமா என்று சோதித்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட முடிவையே தந்தன. குழந்தையின் நோயை இவை தடுக்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. தயிர் நல்ல உணவு, அம்மட்டே.

மூன்றாவது வேப்பிலை நீர், மஞ்சள் நீர் முதலியவற்றால் கழுவுதல். இதைப் பற்றி எண்ணும்போது தென்னாப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வை நினைவு கூர்தல் தகும். சொவேட்டோ நகரின் பெரிய ஆஸ்பத்திரியில் எண்ணாயிரம் தாய்மாரைக் கொண்டு நடத்தி, அதன் முடிவை 2009-இல் வெளியிட்டனர். வேப்பிலையினும் பன்மடங்கு வலிய கிருமிநாசினியாகிய குளோர்ஹெக்சிடின் கொண்டு பேற்றின்போது துடைத்தும், கிருமி குழந்தைக்குச் செல்வது குறையவில்லை, நோயும் குறையவில்லை. வலிய மருந்தால் ஆகாதது இலை நீரால் ஆகுமோ?

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். தோல்வி இயற்கை மருந்துக்கு மட்டும் உரியதன்று. பேற்றுக்குச் சில வாரம் முன்னரே ஆங்கில மருந்து மாத்திரைகளை விழுங்கினாலும் இக்கிருமி நிலையாக ஒழிவதில்லை. அதன் இருப்பிடம் குடல். அங்கிருந்து மீண்டும் வந்து சேரும். கிருமியை அடியோடு விரட்டுவது நம் நோக்கமன்று. குழந்தை பிறப்பு வழியே வருகின்ற அந்தச் சில மணி நேரத்தில் அதற்குக் காவல் அமைப்பதே நோக்கம்.

அக்காவல் பெனிசிலின் அல்லது ஆம்பிசிலின். வலி தொடங்கியவுடன், அல்லது பனிக்குடம் உடைந்தவுடன், நரம்பின் வழியே ஏற்றப்படும் இம்மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் அடைகின்றது. பிறப்புக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே முதல் மருந்து உடலில் ஏறியிருத்தல் நன்று. அமெரிக்காவில் 1990-இல் ஆயிரம் பிறப்புக்கு 1.8 ஆக இருந்த முதல் வார நோய், இம்முறை பரவியபின் 2015-இல் 0.23 ஆகக் குறைந்தது. பெனிசிலின் ஒவ்வாதவர் உண்டு. முன்பு அம்மருந்தால் உடலில் தடிப்போ மூச்சுத் திணறலோ கண்டவர் அதை முன்கூட்டியே கூறினால் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். வலி எடுக்குமுன், பனிக்குடம் உடையாத நிலையில் திட்டமிட்டு அறுவை செய்தால், இக்கிருமியை முன்னிட்டு இம்மருந்து தேவைப்படுவதில்லை.

எல்லா நாடுகளும் ஒரே முறையைக் கையாள்வதில்லை. அமெரிக்காவில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 36, 37-ஆம் வாரங்களில் பஞ்சுக் குச்சியால் எடுத்துச் சோதிக்கின்றனர். இங்கிலாந்தில் அவ்வாறு எல்லோருக்கும் சோதிப்பதில்லை. ஆபத்துக் குறி உள்ளவர்க்கே மருந்து. நம் நாட்டிலும் இச்சோதனை எல்லோருக்கும் கட்டாயமன்று. ஆதலால் ஆபத்துக் குறிகளை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் நலம். 37 வாரம் நிறையுமுன் வலி எடுத்தல், பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் கடத்தல், வலியின்போது 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல்; இக்கர்ப்பத்தில் எப்போதேனும் சிறுநீரில் இக்கிருமி காணப்பட்டிருத்தல்; முந்திய குழந்தை இந்நோயால் வருந்தியிருத்தல் ஆகியன அவை.

இப்போது நம் எல்லைக்கோட்டிற்குத் திரும்புவோம். ஏழாம் மாதச் சடங்கு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டார் அழைத்துச் செல்கின்றனர். சோதனைக்குரிய காலமோ அதற்குப் பின் வருவது. இங்கே பார்த்த மருத்துவர், “அங்கே பார்த்துக்கொள்வார்கள்” என்று எண்ணுவார். அங்கே உள்ளவர், “முன்பே பார்த்திருப்பார்கள்” என்று எண்ணக்கூடும். இருவரும் நல்லவரே, இடையே விழுந்துபோவது அந்தச் சோதனை. ஐந்தாம் மாதத்தில் கேரளத்தில் செய்த சிறுநீர்ச் சோதனையில் கிருமி கண்டிருந்தால், அந்த ஒரு சீட்டே பேற்றின்போது மருந்து தருவதற்குப் போதிய காரணம்; மறு சோதனையும் தேவையில்லை. ஆனால் அச்சீட்டு பொழியூர் வீட்டு அலமாரியில் இருக்க, பெண் நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ வலியோடு படுத்திருந்தால் என்ன பயன்? ரயில்வே அலுவலில் நாம் நாள்தோறும் காண்பது இது: சரக்கு வந்து சேர்ந்தும் அதற்குரிய ரசீது வராவிடில் எல்லாம் நின்றுவிடும். சரக்குக்காவது காத்திருக்க நேரமுண்டு.

ஆகவே தாய்வீட்டுக்குப் புறப்படும் பெண்ணின் பெட்டியில் வளையலுக்கும் புடவைக்கும் முன்னதாகத் தாய்-சேய் அட்டையும், எல்லா ஆய்வுச் சீட்டுகளும் இடம்பெறுக. ஒவ்வாத மருந்தின் பெயரை அட்டையின் முகப்பிலேயே எழுதுவிக்க. சென்ற இடத்தில் முதல் வாரத்திலேயே அவ்வூர் ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்து, “ஜி.பி.எஸ். சோதனை எனக்குத் தேவையா?” என்று வாய்விட்டுக் கேட்க. கேட்பதில் நாணம் வேண்டா. மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய சீட்டு என்று கிழித்தெறியவும் வேண்டா. மருத்துவர் அதைப் படித்துக்கொள்வார்.

மற்றொரு வழக்கத்தையும் மாற்றுதல் வேண்டும். “வலி நன்றாகக் கூடட்டும், பின் போகலாம்” என்று வீட்டில் காத்திருப்பது கிருமியுள்ள தாய்க்குப் பொருந்தாது. நான்கு மணி நேரக் கணக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏறிய பின்னரே தொடங்குகின்றது. கடல் சீறும் காலங்களில் நம் கரையோரச் சாலை அரிக்கப்பட்டுப் போக்குவரத்து தடைப்படுவதை அனைவரும் அறிவோம். அக்காலத்தில் நாள் குறித்திருப்பவர் சில நாள் முன்னரே உட்பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் தங்குதல் நன்று. 108 என்னும் எண் எல்லையின் இருபுறத்திலும் ஆம்புலன்சை அழைக்கும்.

குழந்தை பிறந்தபின் இயற்கை முறைக்கு உரிய இடம் பெரிது. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுக. சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தொட்டு வைக்க வேண்டா. இக்கிருமி உள்ள தாயும் தாராளமாகப் பாலூட்டலாம். குழந்தையைத் தொடுமுன் பாட்டியார் முதல் பக்கத்து வீட்டார் வரை யாவரும் சோப்பிட்டுக் கை கழுவுக. பேற்றின்போது தரும் மருந்து முதல் வார நோயையே தடுக்கும். மூன்று மாதம் வரை பிந்தி வரும் நோயைத் தடுப்பதில்லை. எனவே குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், வேகமாக மூச்சு வாங்கினாலும், முனகினாலும், உடல் கொதித்தாலும், மாறாகச் சில்லிட்டாலும், நீலம் பாய்ந்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும், ‘தோஷம்’ என்றும் ‘கண்ணேறு’ என்றும் ஓதிக்கொண்டிராமல் அந்த மணியிலேயே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்க. திருவனந்தபுரத்து ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரியும், ஆசாரிபள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் நம் வட்டாரத்தார் சென்றடையக்கூடிய பெரிய நிலையங்கள். எல்லை பார்த்து நேரத்தைப் போக்காமல், விரைவில் எட்டுவதற்கே செல்க.

இந்நோய்க்குத் தடுப்பூசி காணும் முயற்சி பல நாடுகளில் நடந்து வருகின்றது. அது வரும்வரை நம் கையில் உள்ளவை மூன்று: கேட்டுச் செய்துகொள்ளும் சோதனை, காலத்தில் ஏறும் பெனிசிலின், பெண்ணோடு உடன் செல்லும் சீட்டு. பாட்டியார் வைக்கும் பூண்டுக் குழம்பை நாம் குறை கூறவில்லை. அது தாயின் உடம்பைத் தேற்றட்டும். குழந்தையைக் காக்கும் பொறுப்பை மட்டும் அதன்மேல் ஏற்றாதிருப்போமாக.