தரமும் தடையும்

அரசாங்கக் கட்டட வேலைக்குக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டால், விலை குறித்துப் பெட்டியில் இட்டுவிடுதல் மட்டும் போதாது. நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையிற் பதிந்து, மூலதனம், முன்னனுபவம், தொழில்நுட்பவியலாளர், இயந்திரங்கள் ஆகியவற்றைக் காட்டித் தரம் பெறல் வேண்டும். அடித்தரம் சி 9. ஏறிச் சென்றால் சி 1. அதற்கும் மேலே சிறப்புத் தரங்கள் உள. வேலை 50 இலட்சம் ரூபாவை விஞ்சினால், 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தச் சட்டத்தின் கீழும் பதிதல் வேண்டும்.

இவ்விதிகளை நாம் குறைகூறோம். பாடசாலைக் கூரையையும் குளத்து அணைக்கட்டையும் திறமையற்றோர் கையில் ஒப்படைத்தல் ஆகாது.

ஆயின், இங்கே ஒரு முடிச்சு உண்டு. பெரிய வேலை செய்தவருக்கே உயர்தரம். உயர்தரம் உடையவருக்கே பெரிய வேலை. 2009இல் முடிந்த போரில் தொழிலையும் உபகரணங்களையும் பத்திரங்களையும் இழந்த வடக்குக் கிழக்கு ஒப்பந்தகாரர் எந்த அனுபவத்தைக் காட்டுவர்? பிறர் பெற்ற வேலையிற் கூலிக்கு நிற்பதுதானா அவர்தம் விதி?

தரத்தைத் தளர்த்துமாறு நாம் கேட்கவில்லை. பிரிக்கத்தக்க வேலைகளைப் பிரித்துக் கேள்வி கோருமாறே அரசைக் கேட்கிறோம். எம்மவரும் கணக்குகளையும் வேலை முடித்த சான்றிதழ்களையும் ஒழுங்காகப் பேணுக. தனித்து நின்று தோற்காது, கூட்டாக முன்வருக. ஏட்டில் ஏறாத அனுபவம் கேள்விச் சபையில் செல்லாது.