பெயரொன்று, வேரிரண்டு

பச்சிலையும் வேரும் யாவர்க்கும் தீங்கிழையா என்பது நம்மவரிற் பலர் கொண்ட துணிபு. அது பொய்த்த வரலாறு பெல்ஜியம் நாட்டுப் பிரசெல்ஸ் நகரத்தது. உடல் மெலிய விரும்பினார்க்கு அங்கு ஒரு நிலையத்தார் தந்த குளிகைகளில் 1990 ஆம் ஆண்டு சீன வேர்ப்பொடிகள் சேர்க்கப்பட்டன. ஈராண்டுக்குள் இளம்பெண்டிர் சிலர் சிறுநீரகம் சுருங்கி மருத்துவமனை புகுந்தனர். அத்தொகை பின்னர் நூற்றினும் மிக்கது. சிறுநீரகம் அகற்றப்பெற்ற 39 பேரைச் சோதித்தபோது, 18 பேர்க்குச் சிறுநீர்க்குழாய்ப் பகுதிகளிற் புற்றுநோயும் இருந்ததென 2000 ஆம் ஆண்டு வெளியாயிற்று.

வேண்டிய வேர் ஸ்டெபானியா, வந்ததோ அரிஸ்டோலோக்கியா. சீனமொழியில் இரண்டன் பெயரிலும் 'ஃபாங்ஜி' என்னுஞ் சொல் உண்டு. 'மா' என்பதற்கு மரமென்றும் குதிரையென்றும் பொருள் மயங்கும் எம்போன்றார்க்கு இப்பிழை புதிதன்று. எமக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவே! நம் ஆடுதின்னாப்பாளையும் அரிஸ்டோலோக்கியா இனத்ததே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்நோய் வெளிப்பட்ட பின்னரும், அமெரிக்க நாட்டில் 1994 ஆம் ஆண்டுச் சட்டம் உணவுத்துணைப் பொருள்களை விற்பனைக்கு முன் அரசின் ஒப்புதல் பெறாமலே விற்க இடந்தந்தது. இஃது எனக்கு உடன்பாடன்று. புட்டியின் மேலுள்ள பெயரை நம்பி உண்பவர் வேரைக் கண்டறியார். விற்பவரே அதனைச் சோதித்துக் காட்டக் கடமைப்பட்டவர், அதுவும் கடைக்கு வருமுன்.