சாவிக்கொத்தும் வலிப்பும்

பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுகிறார். உடனே கூட்டம் கூடுகிறது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். மற்றொருவர் செருப்பை மூக்கருகே பிடிக்கிறார். நம் ஊரோ தோல் பதனிடும் ஊர். தோல் வாசனை வலிப்பைத் தீர்க்குமென்றால் மேல்விஷாரத்தில் வலிப்பு நோயாளி ஒருவர்கூட இருக்கக் கூடாதே!

வலிப்பு பேயின் வேலையன்று. மூளை நரம்பணுக்களின் மின்துடிப்பு கட்டுமீறும்போது நினைவு தவறுகிறது; உடல் துடிக்கிறது. மனித மூளையின் மின்னலைகளை ஹான்ஸ் பெர்கர் 1924-இல் பதிவு செய்தார். விழித்திருக்கும் வலிப்பு நோயாளிகளின் மூளையை மின்சாரத்தால் தூண்டி, எந்தப் பகுதிக்கு என்ன பணி என்று கனடாவில் ஆராய்ந்தவர் பென்ஃபீல்ட். அவரிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை 1949-இல் தொடங்கியது எங்கே தெரியுமா? பக்கத்து வேலூரில்தான்!

அறிவியல் அடுத்த ஊருக்கு வந்து முக்கால் நூற்றாண்டு ஆகியும், நம் கையிலிருந்து சாவி இறங்கவில்லை. ஒழுங்காக மருந்துண்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும். ஆயினும் ஊராரின் ஏச்சுக்கு அஞ்சி, நோயை மறைத்துக்கொண்டு நம் வகுப்பிலேயே ஒருவர் அமர்ந்திருக்கலாம்.

மாணவ நண்பர்களே! விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அவருக்கு நினைவு திரும்பும்போது அருகில் ஒரு நண்பன் இருக்கட்டும்.