ஒண்டிக்கடையில் இன்னும் எத்தனை கடை?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வருகிறவர்கள் ஏரியைப் பார்க்கும்போதே ஒண்டிக்கடையையும் பார்த்துவிடுகிறார்கள். ஒண்டி என்றால் தனித்த ஒன்று. இன்று அங்கே நின்று அந்தப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். டீக்கடை, மிளகாய் பஜ்ஜிக் கடை, காப்பித்தூள் கடை, தைலக் கடை, பொம்மைக் கடை, சாக்லேட் கடை என்று வரிசையாக நிற்கின்றன. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே ஒரு ஆள் நுழைய இடமில்லை.

கடை பெருகினால் ஊர் வளர்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். விழா மேடைகளிலும் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது நமக்கு வேறொரு கேள்வி எழுகிறது. வியாபாரம் பெருகியதால் கடை பெருகியதா, அல்லது வேறு வேலை கிடைக்காததால் கடை பெருகியதா?

பொருளாதாரப் பாடப் புத்தகங்கள் ஒரு நாட்டின் தொழிலை மூன்று துறைகளாகப் பிரிக்கின்றன. நிலத்திலிருந்து எடுப்பது முதல் துறை. எடுத்ததைப் பொருளாக ஆக்குவது இரண்டாம் துறை. விற்பது, ஏற்றி இறக்குவது, தங்க வைப்பது, சமைத்துப் போடுவது மூன்றாம் துறை. நாம் மூன்றாம் துறையைச் சேர்ந்தவர்கள். நாடு முன்னேறும்போது மக்கள் வயலை விட்டு ஆலைக்கும், பிறகு ஆலையிலிருந்து சேவைத் தொழிலுக்கும் படிப்படியாக நகர்வார்கள் என்பது காலின் கிளார்க் என்ற அறிஞர் 1940இல் புள்ளிவிவரங்களோடு எழுதிய கருத்து. தென்கொரியா அந்த வழியில்தான் போனது. 1960களின் தொடக்கத்தில் அங்கே உழைப்பவர்களில் பாதிக்கு மேல் விவசாயத்தில் இருந்தார்கள். இன்று 20 பேரில் ஒருவர்தான் இருக்கிறார். நடுவே துணி ஆலை, கப்பல் கட்டும் தளம், மின்சாதனத் தொழிற்சாலை என்று ஒரு தலைமுறையே ஆலை வேலை பார்த்தது.

நம் நாட்டில் அந்த நடுப்படி பலமாக அமையவில்லை. 2023 - 24ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேலை செய்யும் 100 பேரில் சுமார் 46 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். உற்பத்தித் தொழிலில் 11 பேர்தான். வணிகம், ஓட்டல், உணவகம் ஆகியவை சேர்ந்து 12 பேர். 46 பேர் பார்க்கும் விவசாயத்துக்கு நாட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. வயலில் பிழைப்பில்லாமல் வெளியேறுகிறவனுக்கு ஆலையில் இடமில்லை. அதனால் கட்டட வேலைக்குப் போகிறான், அல்லது ஒரு தள்ளுவண்டி வாங்குகிறான், இல்லாவிட்டால் நம் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை போடுகிறான்.

இதை நேருக்கு நேராகச் சொன்னவர் ஆர்தர் லூயிஸ். கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்தவர், 1979இல் நோபல் பரிசு பெற்றவர். வளரும் நாடுகளின் மறைமுக வேலையின்மை பற்றி 1954இல் எழுதிய கட்டுரையில் அவர் வயலை மட்டும் காட்டவில்லை, சில்லறைக் கடைகளையும் காட்டினார். ஒரே வியாபாரத்தைப் பலர் கூறு போட்டுக்கொள்கிறார்கள், கடைகளில் ஒரு பகுதி குறைந்தாலும் வாங்குகிறவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்பது அவர் கருத்து. வணிகர்களாகிய நமக்கு இது உறைக்கத்தான் செய்யும். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மழையில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் கடையைப் பார்த்தவர்கள் அதை மறுக்க முடியாது. சர்க்கார் கணக்கில் அந்த மூன்று பேரும் வேலையில் இருப்பவர்கள்!

ஏற்காட்டின் வேலை நாட்காட்டி நமக்கு மனப்பாடம். கார்த்திகை முதல் மாசி வரை காப்பிப் பழம் பறிப்பு, அதன் பிற்பகுதியிலேயே மிளகும் வந்துவிடும். சித்திரை, வைகாசியில் சீசன், கோடை விழா. மீதி மாதங்களில் களை வெட்டு, நிழல் மரம் கழிப்பது என்று சிலருக்குத்தான் வேலை. வேலை கிடைக்காத மலைக்கிராமத்து இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

இதில் நம் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. சீசனுக்கு வருகிறவர் கல்லாவை நிரப்புகிறார் என்பது உண்மை. ஆனால் வருஷம் முழுவதும் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, பள்ளி நோட்டு, கம்பளி வாங்குகிறவர் மலையில் குடியிருப்பவர். அவருக்குக் கூலி வந்தால் நம் கடன் நோட்டில் பற்று தீரும். கூலி வராவிட்டால் பக்கம்தான் நீளும். 2020 மார்ச் ஊரடங்கில் சீசன் ஒரேயடியாகப் போனது. வெளியூர் போயிருந்த பிள்ளைகளும் மூட்டையோடு திரும்பி வந்தார்கள். நாடு முழுவதுமே விவசாயத்தில் இருப்போர் பங்கு அந்தச் சமயத்தில் குறைவதற்குப் பதில் கூடியது. நோய்தான் வரவேண்டும் என்பதில்லை. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. நமக்கு வரவில்லை என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. ஒரு உத்தரவில் ஆட்டம் காணும் வியாபாரத்தை மட்டும் நம்பியிருக்கிறோம் என்று யோசித்தவர்கள் குறைவு.

காப்பி விஷயத்துக்கு வருவோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. இன்றும் பெரும்பாலான காப்பி தோலுடனோ, உலர்ந்த பழமாகவோ மூட்டை கட்டி மலை இறங்குகிறது. காப்பி வாரியம் எல்லாவற்றையும் தானே வாங்கி விற்ற முறை 1992க்குப் பிறகு படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முழுதும் விலகியது. 1994இல் பிரேசிலில் பனி விழுந்து காப்பி கருகியபோது இங்கே விலை ஏறியது. 2001, 2002இல் உலகச் சந்தை சரிந்தபோது எஸ்டேட்டுகள் ஆளைக் குறைத்தன, நம் கடை வாசலும் வெறிச்சோடியது. 2024, 2025இல் விலை மறுபடி உச்சத்துக்குப் போனது. மூட்டையாக விற்கிற ஊருக்கு விலையை நிர்ணயிக்கும் சக்தி இல்லை. உலக விலை ஏறும் வேகத்தில் பறிப்புக் கூலி ஏறுவதும் எங்கும் வழக்கமில்லை.

பாக்சைட் கதையும் இதேதான். இந்த மலையில் வெட்டிய மண் மேட்டூருக்கு லாரியில் போய் அலுமினியமானது. வெட்டுகிற வேலை இங்கே, உலோகமாக்கும் வேலை அங்கே. 2008இல் மேட்டூர் உருக்கு உலை நின்றதும் இங்கிருந்த வேலையும் போயிற்று. சுரங்கம் திரும்ப வரவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. காடும் ஊற்றும் கெட்டது போதும்.

நாம் கேட்பது காப்பியை இங்கேயே வறுத்து, அரைத்து, பொட்டலமாக்கும் வேலை. ஆறு கிலோ பழம் ஒரு கிலோ கொட்டையாகும். அந்தக் கொட்டையை வறுத்தால் எடையில் ஆறில் ஒரு பங்கு போகும். ஆனால் விலை ஏறுவது அந்த இடத்தில்தான். தரம் பிரிக்க, வறுக்க, அரைக்க, அடைக்க ஆள் வேண்டும், அதுவும் மழை மாதங்களிலும் வேண்டும். சுற்றுலா வருகிறவர் ஏற்காடு காப்பித்தூள் என்று கேட்டுத்தான் வாங்குகிறார். நாம் அந்தப் பெயர் போட்டு விற்கும் தூள் எல்லாம் இந்த மலையில் விளைந்து இங்கேயே வறுக்கப்பட்டதுதானா? நம் மனசாட்சிக்குத் தெரியும்.

2019இல் குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, அரக்கு ஆகிய ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டியலில் சேர்வராயன் மலை இல்லை. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் காப்பி பயிரிடுகிறவர்கள் பெரும்பாலும் பழங்குடி விவசாயிகள், நம் மலைவாழ் மக்களைப் போலத் துண்டு நிலம் வைத்திருப்பவர்கள். அவர்கள் காப்பி 2017இல் பாரிஸ் நகரில் சொந்தப் பெயரில் கடை திறந்தது. அவர்கள் மண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. பழம் வாங்கும் இடத்திலேயே தரம் பார்த்தார்கள், ஒரே பெயரில் விற்றார்கள்.

முதல் எங்கே என்று நம் உறுப்பினர்கள் கேட்பது நியாயமே. சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தை மத்திய அரசு 2020இல் தொடங்கியது. பலர் சேர்ந்து பொதுக்கூடம் அமைக்கவும் அதில் வழி வைத்தது. நம்மில் எத்தனை பேர் அதற்கு மனு போட்டோம்? தனித்தனியாகப் பொம்மை வாங்கி அடுக்க ஆளுக்கு இரண்டு லட்சம் புரட்டுகிறோம், பத்துப் பேர் சேர்ந்து ஒரு வறுவல் இயந்திரம் வாங்க யோசிக்கிறோம். பக்கத்துக் கடைக்காரர் நம் கணக்கைப் பார்த்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம்.

கடைப் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீசனுக்கு எடுத்து ஜூனில் அனுப்பிவிடுகிறோம். அடுத்த சித்திரையில் புதிதாக ஒருவனுக்கு முதலிலிருந்து கற்றுக் கொடுக்கிறோம். நின்றபடியே வேலை பார்க்கும் பணியாளர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டம் கொண்டுவந்தபோது, நாற்காலி போட இடமில்லை என்று நம்மில் பலர் முணுமுணுத்தோம். சரக்கு அடுக்க இடம் இருக்கிறது!

வருகிற பொதுக்குழுவுக்கு ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி வரும்படி கேட்டுக்கொள்கிறோம். கடையில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஆண்டில் பத்து மாதத்துக்குக் குறையாமல் சம்பளம் தந்தோம், விற்ற சரக்கில் இந்த மலையில் விளைந்தது எத்தனை ரூபாய்க்கு. பெயர் எழுத வேண்டியதில்லை. பொது வறுவல் கூடத்துக்கு எவ்வளவு முதல், எவ்வளவு மூட்டை வேண்டும் என்ற பேச்சை அந்தத் தாள்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.