விதையும் அளவுகோலும்: கணித்தமிழில் அரசின் பங்கு

தொழில்நுட்பத் துறையில் அரசு எவ்வளவு தூரம் கால் பதிக்கலாம் என்ற பேச்சு எழுந்தவுடன் இரு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. அரசு ஒதுங்கி நின்றாலே போதும் என்பது ஒன்று. அனைத்தையும் அரசே செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. கணித்தமிழின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் இரண்டுமே அரை உண்மைகள் என்பது புலனாகும்.

1990களில் நிறுவனத்துக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் குறியேற்றம் என்றிருந்தது. ஒரு கணினியில் தட்டச்சிட்ட தமிழ், மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தெரிந்தது. இந்நிலையில் 1999 பிப்ரவரியில் தமிழக அரசு சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாட்டைக் கூட்டியது. கணிப்பொறியாளரும் தமிழறிஞரும் அயலகத் தமிழரும் கூடி விவாதித்ததன் பயனாக, தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் அவ்வாண்டே அரசின் தரங்களாயின.

விசைப்பலகை வாழ்ந்தது, குறியேற்றங்கள் மறைந்தன. ஏன்?

தமிழ்99 நம் இலக்கணத்தின்மீது எழுந்தது. ககரத்தை இருமுறை தட்டினால் 'க்க' தானே அமையும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் 'ங்க' ஆகும். இன எழுத்து என்று நாம் வகுப்பில் நடத்துவதே அங்கு விசைகளின் விதியாயிற்று. எந்த இயங்குதளத்திலும் அதை அமைக்கலாம். இன்றைய கைபேசிகளிலும் அது கிடைக்கிறது. டாமும் டாபுமோ 256 இடங்களுக்குள் அடங்க வேண்டிய எட்டுத்துணுக்குக் குறியேற்றங்கள். உலகின் மென்பொருள்கள் யாவும் ஒருங்குறியை நோக்கி நகர்ந்தபோது அவை தனித்து நின்றன. 2010 ஜூனில் அரசே ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. மாற்றாக டேஸ்16 என்பதையும் ஏற்றது.

ஒருங்குறியில் 'க்' என்னும் ஓரெழுத்துக்கு இரு குறிகள் வேண்டியிருப்பது தமிழ் மரபுக்கு ஒவ்வாதது என்பார் உண்டு. அக்குறையில் நியாயம் இருக்கிறது. ஆயினும் பொறியியலில் நுட்பமான தரத்தைவிட எல்லாக் கருவியும் ஏற்கும் தரமே நிலைக்கிறது.

ஆனால் ஆணை பிறப்பித்தால் மட்டும் போதுமா? 2010க்குப் பின்னும் அலுவலகங்கள் பலவற்றில் பழைய எழுத்துருக்களே நெடுங்காலம் கோலோச்சின. இதன் இழப்பை நாம் கண்கூடாகக் காண்கிறோம். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களை அகராதியாய்த் தொகுத்த மண் இது. எம் மாணவர்கள் சுற்றுவட்டச் சிற்றூர்களில் முதியோரிடம் கேட்டுப் பதிந்த உழவுச் சொற்களும் ஒப்பாரிகளும் குறுந்தகடுகளில் உறங்குகின்றன. திறந்தால் குறியும் புள்ளியுமாய் நிற்கின்றன. சொன்னவர்களில் பலர் இன்று இல்லை. கி.ரா.வின் அகராதியை அச்சில் இன்றும் படிக்கலாம். அவருக்குப் பின் தொகுத்தவை கணினியில் இருந்தும் படிக்க இயலவில்லை.

நிற்க. அரசு செய்யத்தக்கது யாது என்பதற்கு எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே உண்டு. நூறாண்டைக் கடந்த கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், மானாவாரிக்கு ஏற்ற 'கே' வரிசைப் பருத்தி இரகங்களைத் தந்தது. அரசு யாருடைய புஞ்சையையும் உழவில்லை. தனியொருவரால் இயலாத விதை ஆய்வைச் செய்தது. விதைப்பை உழவரிடம் விட்டது. விதைக்குப் பின்னும் ஆய்வு தொடர்ந்தது என்பதே அதன் சிறப்பு.

2024 டிசம்பரில் தூத்துக்குடியில் சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமெனில் மகிழ்ச்சியே. எனினும் கட்டடம் எழுப்புவதோடு அரசின் கடமை தீராது. பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு மென்பொருளும் ஒருங்குறியில் இயங்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, சோதித்துப் பார்த்த பின்னரே பணம் தரட்டும். பழைய ஆவணங்களை மாற்றும் கருவிகளைக் கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் இலவசமாய் அளிக்கட்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. திறப்பு விழாவும் தேவைப்படாது. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, இவை இத்தனை காலம் தள்ளிப்போகின்றன.