கெட்டியான எலும்பு உறுதியான எலும்பா?

தருமபுரி மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் சில மாணவர்களின் பற்களில் பழுப்பு நிறக் கோடுகளைக் காணலாம். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருந்தால் கேலி செய்துவிடாதீர்கள். அது அழுக்கு அன்று. எந்தப் பற்பொடிக்கும் அது போகாது. குழந்தைப் பருவத்தில், ஈறுக்கு அடியில் பல்லின் எனாமல் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் குடித்த தண்ணீர் விட்டுச் சென்ற அடையாளம் அது. அந்தத் தண்ணீரில் புளோரைடு மிகுந்திருந்தது.

பல்லில் நடந்தது கண்ணுக்குத் தெரிகிறது. எலும்பில் நடப்பது தெரிவதில்லை.

எலும்பை உயிரற்ற கம்பம் என்று எண்ணாதீர்கள். ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை அரித்தெடுக்க, வேறுவகைச் செல்கள் அந்த இடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. மராமத்து ஓயாத வீடு அது! புளோரைடு கட்டும் செல்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பின் தாதுப் படிகங்களில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் முதுகெலும்பு வெள்ளைவெளேரென்று தெரியும். தசைநார்களில்கூடச் சுண்ணாம்பு படியும். நாளடைவில் முதுகு வளையாது. குனிந்து நிமிர முடியாது.

எலும்பு கெட்டியாவது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவர்கள் சிலரும் அப்படித்தான் எண்ணினார்கள். முதுமையில் எலும்பு சல்லடைபோல் ஆகிவிடும் எலும்புப்புரை நோய்க்குப் புளோரைடையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ரிக்ஸ் குழுவினர், 202 பெண்களை 4 ஆண்டுகள் ஆராய்ந்து 1990இல் முடிவை வெளியிட்டனர். புளோரைடு உண்டவர்களின் இடுப்புப் பகுதி முதுகெலும்பு 35 விழுக்காடு அடர்த்தி கூடியிருந்தது. ஆனால் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளிலோ முறிவுகள் கூடிவிட்டன! முன்கை எலும்பின் அடர்த்தியும் குறைந்திருந்தது.

ஓரிடத்தில் கூடி வேறோரிடத்தில் குறையும் இந்த விந்தையை நம் நாட்டார் முன்பே கண்டிருந்தனர். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும், புளோரைடு மிகுந்த பகுதியில் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும்படி கால் வளைந்த இளையவர்களைப் பற்றி 1973இல் எழுதினர். அவர்களுடைய முதுகெலும்பு இறுகியிருந்தது. கை கால் எலும்புகளோ புரையோடியிருந்தன.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். புதிய எலும்பு கட்டக் கால்சியம் வேண்டும். உணவில் அது போதாவிட்டால் இரத்தத்தில் குறையத் தொடங்கும். உடனே பாராதைராய்டு சுரப்பி வேலையைத் தொடங்கி, இருக்கும் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துவிடும். வளரும் வயதினருக்கு இது எவ்வளவு பெரிய நட்டம்!

ஆகவே, இந்நோயை வெறும் குடிநீர்ப் பிரச்சினையாகப் பார்ப்பது போதாது என்பேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது பெரிய காரியந்தான். காவிரி நீர் ஊர்களுக்கு வந்தது. ஆனால் குடிக்க அந்த நீர், சமைக்க ஆழ்குழாய்க் கிணற்று நீர் என்று பிரித்துக்கொண்டால் என்ன பயன்? பாறைகளின் தாதுக்களிலிருந்து கரைந்து வரும் புளோரைடு சோற்றோடும் குழம்போடும் உள்ளே போய்விடுமே. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காதபோதும் 1.5ஐத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காது, பரிசோதித்தால்தான் தெரியும். உங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் உலைக்கு எந்த நீர் போகிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

இன்னொன்று கேழ்வரகு. தருமபுரிச் சீமையின் பழைய தானியம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் சுமார் 10தான். கால்சியம் குடலில் புளோரைடின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, உடலில் சேராமல் தடுக்கவும் செய்கிறது. அரிசிச் சோறுதான் கௌரவம் என்று களியை ஒதுக்கிய வீடுகள் எத்தனை! ஆனால் களி கிண்டும்போது ஊற்றும் தண்ணீர் முழுவதும் களிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் களிப் பானைக்கும் காவிரி நீரே வேண்டும்.