கன்ட்ரோல் ரூமுக்கும் ஒரு பரண் வேண்டும்!



ரயில் என்றால் நமக்கு டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இவர்களுக்குப் பின்னால் ராப்பகலாகக் கண்விழிக்கும் கன்ட்ரோல் ரூம் ஒன்று உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் எல்லாம் திருச்சி கோட்டத்தில் சேர்ந்தவை. எந்த வண்டி எங்கே வருகிறது, எதை முதலில் விடுவது, எதை நிறுத்துவது என்று ஸ்டேஷன்களுடன் பேசிக்கொண்டே இருப்பது அந்தக் கன்ட்ரோல்தான்.

அந்தப் பேச்சு அறுந்து போனால் என்ன ஆகும்? 1964 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி புயலில், தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் பாம்பன் பாசஞ்சர் சிக்னல் கிடைக்காமல் நின்றது. எச்சரிக்க வழியில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு வண்டி நகர்ந்தது. கடல் வாரிக்கொண்டு போய்விட்டது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

2023 டிசம்பர் 17-ல் நடந்ததையும் பாருங்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. மேற்கொண்டு வழியில் ஜல்லி அரித்துப்போன சேதி நேரத்தோடு கிடைத்ததுதான் காரணம். சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே பசியோடு தவித்தார்கள், வாஸ்தவம்தான். ஆனால் வண்டி பள்ளத்தில் விழவில்லை. சேதி போய்ச் சேர்ந்தது, சேராதது. ரெண்டுக்கும் இதுதான் வித்தியாசம்.

நம்ம டெல்டாவும் தப்பியதில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போனும் ஊமையாகிவிட்டது. ரயில்வேயின் கேபிள் தண்டவாளத்தை ஒட்டியே போகிறது. வெள்ளம் கரையை அறுத்தால் கேபிளும் சேர்ந்து போகுமே!

மழை வலுத்தால் நாம் அரிசி மூட்டையைத் தூக்கிப் பரணில் வைக்கிறோம். அதுபோல கன்ட்ரோல் ரூமின் ஜெனரேட்டர், பேட்டரி எல்லாம் தண்ணீர் ஏறாத உயரத்தில் இருக்க வேண்டும். கேபிள் போனாலும் பேசுவதற்கு வயர்லெஸ் அல்லது சாட்டிலைட் போன் முக்கிய ஸ்டேஷன்களில் வேண்டும். அந்த அறையிலேயே தீப்பிடித்தால், வேலையை உடனே ஏற்று நடத்த வேறு ஓர் இடம் தயாராக வேண்டும். இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஐப்பசி அடைமழைக்கு முன்பே வருஷாவருஷம் ஒத்திகை பார்த்து, பத்திரிகையிலும் சொல்லட்டும்.

செலவாகும் என்பார்கள். ஸ்டேஷனுக்குப் பளபளவென்று கல் பதிக்கச் செலவழிக்கும்போது, இதற்கும் ஒதுக்கினால் என்ன? ராத்திரி வண்டியில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறோமே, அவர்களை நம்பித்தானே! சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?

— ஓர் இல்லத்தரசி, தஞ்சாவூர்